ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால்?

சுபமுகூர்த்த நாள் வந்தால் போதும், திருமங்கலத்திலும் சரி, வேறு ஊர்களிலும் சரி, சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம்தான்! வழக்கமாக 100 டோக்கன் தரும் அலுவலகங்களில் அன்று 150 டோக்கன் வரை தருவது உண்டு.

தமிழ்நாட்டில் 2018-ம் ஆண்டு முதல் பத்திரப்பதிவு இணையம் வழியாக நடக்கிறது. எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் பத்திரம் பதிந்தால் கம்ப்யூட்டர் தாங்குமா?

இத்தகைய பெரிய வேலைகளுக்குப் பல கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைத்து, வேலையைப் பங்கிடுவார்கள். அவை தாங்குமா என்று முன்கூட்டியே சோதிக்கவும் வழி இருக்கிறது.

அதற்கு ஆயிரம் பேரைத் திரட்ட வேண்டியது இல்லை. ஒரு புரோகிராம் ஆயிரம் பேர் போல நடிக்கும்! பத்திரத்தைத் தேடும்; திறக்கும்; புதிதாகச் சேர்க்கும். முதலில் 10 பேர், பிறகு 100 பேர், பிறகு 1,000 பேர் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். பதில் வர எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர்களை இரண்டு மடங்காக்கினால், வேகமும் இரண்டு மடங்காகுமா? எப்போதும் ஆகாது. பத்திரங்களைச் சேர்த்து வைக்கும் கிடங்கு ஒன்றே என்றால், எல்லாம் அதன் வாசலில்தான் காத்து நிற்கும்.

சோதனையின் நடுவே ஒரு கம்ப்யூட்டரை வேண்டுமென்றே நிறுத்துவார்கள். மற்றவை அதன் பாரத்தையும் சுமக்க வேண்டும். ஒரு பத்திரம்கூடக் காணாமல் போகக்கூடாது.

வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து மனை வாங்குகிறவருக்கு, அந்த ஒரு பத்திரம்தானே ஆதாரம்!