ஏழு கேமரா, ஏழு முகூர்த்தம்

போன தை மாதம் மதுரையில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் போட்டிருந்த முகூர்த்தம் காலை 7.30 முதல் 9.00 மணிக்குள். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளையின் தங்கை மூன்றாவது முடிச்சைப் போட்டபோது மணி 8.12. கையில் இருந்த செல்போனைப் பார்த்தே சொல்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, வந்து சேர்ந்த படங்களையெல்லாம் ஒரே ஃபோல்டரில் கொட்டி, எடுத்த நேரப்படி அடுக்கினேன். கம்ப்யூட்டர் காட்டியது வேறு ஏதோ கல்யாணம். விடிகாலை 2.42-க்குக் கெட்டிமேளம். 8.07-க்குத் தாலி ஏறுகிறது. 8.08-க்கு அதே தாலி தேங்காய்மேல் உட்கார்ந்து, தட்டோடு சபையைச் சுற்றி ஆசி வாங்க வருகிறது. 8.12-க்கு மறுபடியும் கழுத்தில் ஏறுகிறது. 10.42-க்கு, பாதிப் பேர் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும்போது, இன்னொரு தடவை. இதெல்லாம் போதாதென்று 2012 ஜனவரி 1-ஆம் தேதி ஒரு தாலி. அன்றைக்கு எங்கள் பெண் ஏழாம் வகுப்பு.

ஏழு கேமராக்கள் செய்த வேலை இது. ஸ்டூடியோக்காரரிடம் ஒன்று. கேண்டிட் எடுக்க வந்த பையன் தோளில் இரண்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணியின் தம்பி கையில் ஒன்று. மாப்பிள்ளையின் பெரியப்பா, பீரோவில் பல வருஷம் தூங்கிய சின்னக் கேமராவை இதற்கென்றே சார்ஜ் போட்டு எடுத்து வந்திருந்தார். மிச்சம் இரண்டும் போன்கள்: என்னுடையது, அண்ணன் மகனுடையது. மொத்தம் 6,214 படம். ஃபிலிம் காலமாக இருந்தால் 36 படம் ரோல் 173 வாங்கியிருக்க வேண்டும். அண்ணன் கல்யாணத்தையே தள்ளிப் போட்டிருப்பான்.

ஒரே ஆள் ஒரே கேமராவில் எடுத்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. நெகட்டிவ் ஓரத்தில் எண் இருக்கும். ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று. மணி தெரியாவிட்டாலும் வரிசை தப்பாது. இப்போது மணி தெரிகிறது, நொடி வரை தெரிகிறது. வரிசைதான் தப்பிப் போகிறது.

டிஜிட்டல் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு செருகியிருக்கிறது. எக்ஸிஃப் என்று பெயர். ஜெய்டா என்ற ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் 1995-இல் வகுத்த முறை. என்ன கேமரா, என்ன லென்ஸ், ஃபிளாஷ் அடித்ததா, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, எடுத்த தேதி, மணி, நிமிடம், நொடி எல்லாம் அதில் பதிவாகும். தன் வயிற்றுக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கேமரா அந்த நேரத்தை எழுதுகிறது. அந்தக் கடிகாரத்தைக் கடைசியாக யார், எப்போது திருத்தினார்கள் என்பது அதற்கு அநாவசியம்.

போன்களில் இந்த வம்பு பெரும்பாலும் வராது. நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை வாங்கித் தாமே திருத்திக்கொள்கின்றன. கேமரா கடிகாரமோ மலிவு விலைக் கைக்கடிகாரம் மாதிரி. வாரத்துக்குச் சில நொடி முன்னேயோ பின்னேயோ நழுவும். இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் நிமிடக் கணக்கில் போய்விடும். எங்கள் ஸ்டூடியோக்காரர் கேமரா 4 நிமிடம் 37 நொடி பின்தங்கியிருந்தது அப்படித்தான். பெரியப்பா கேமராவில் பேட்டரி முழுக்க இறங்கி, கடிகாரத்தைக் காக்கும் குட்டி பேட்டரியும் செத்துப்போய், ஆலையில் வைத்த தேதிக்கே திரும்பிவிட்டது. மறுபடி உயிர் வந்ததும் அது தேதி கேட்டிருக்கும்; கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள்? ஓகே, ஓகே என்று அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

சிங்கப்பூர் கேமராவுக்கு வேறு கதை. அது சொன்ன நேரம் சரிதான், சிங்கப்பூரில். இரண்டரை மணி நேர வித்தியாசம் சீட்டில் எங்கும் இல்லை. எந்த ஊர் நேரம் என்று எழுதுவதற்கான இடமே எக்ஸிஃபில் 2016-இல் வந்த திருத்தத்தில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கேமராக்கள் மணியை மட்டும் சொல்லும், ஊரைச் சொல்லாது. வீடியோவில் குழப்பம் தலைகீழ். போனில் எடுக்கும் வீடியோ பொதுவாக உலகப் பொது நேரத்தைத் தன்னுள் குறித்துக்கொள்கிறது. அதை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டத் தெரியாத மென்பொருளில் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் நிற்கும். எங்கள் கெட்டிமேளம் விடிகாலை 2.42-க்கு முழங்கியது அதனால்தான்.

நமக்கு இது புதிதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் வானாய்வகத்தின் கணக்குப்படி கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடிய ‘மெட்ராஸ் டைம்’ ஒன்று இருந்தது. நாடெங்கும் ரயில்கள் அதை வைத்து ஓடின. ஊர்களோ தத்தம் நேரத்தை வைத்து நடந்தன. 1906-இல்தான் ஐந்தரை மணி என்ற இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் இன்றுவரை ஒத்துப் போகவில்லை. கேமராக்களை மட்டும் குற்றம் சொல்வானேன்?

நேரத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளலாமே என்று முதலில் நானும் நினைத்தேன். ஆல்பம் டிசைன் செய்கிற தம்பி அப்படித்தான் கேட்டிருந்தார்: “அக்கா, புடிச்ச போட்டோ நம்பரை மட்டும் எழுதி வாட்ஸ்ஆப்ல போட்டுவிடுங்க.” 150 எண் எழுதி அனுப்பினேன். மாதிரிப் பக்கம் வந்தது. மணமக்கள் என் அம்மா காலில் விழுந்து ஆசி வாங்கும் படம் வர வேண்டிய இடத்தில், பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு தட்டு கேசரி.

“என்ன தம்பி இது?”

“நீங்க குடுத்த நம்பர்தானக்கா. 4127.”

அவர் சொன்னதும் சரி. கேண்டிட் பையனிடம் இருந்தவை ஒரே மாடல் கேமராக்கள் இரண்டு. இரண்டிலும் 4127 இருந்தது. கேமராக் கம்பெனிகள் 1998-இல் வகுத்துக்கொண்ட விதிப்படி படத்தின் பெயர் எட்டு எழுத்து. அதில் கடைசி நான்கும் எண். 0001-இல் தொடங்கி 9999 வரை போய் மறுபடி 0001. கேனான் என்றால் ‘ஐஎம்ஜி’, நிக்கான் என்றால் ‘டிஎஸ்சி’ என்று முன்னால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரே கம்பெனிக் கேமரா இரண்டு வந்தால் பெயர் மோதலாம். இன்னும் மோசமானது, இரண்டு மெமரி கார்டையும் ஒரே ஃபோல்டரில் காப்பி செய்யும்போது கம்ப்யூட்டர் “ஏற்கெனவே இருக்கிறது, மாற்றட்டுமா?” என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று அமுக்கினால் ஒரு கல்யாணத்தில் பாதி போய்விடும். அதனால் முதலில் கேமராவுக்கு ஒரு ஃபோல்டர், அதன் பேரில் கேமராக்காரர் பெயர். கலப்பதெல்லாம் அப்புறம்.

கலப்பதற்கு முன்னால் ஏழு கடிகாரங்களையும் ஒன்றோடொன்று ஒட்ட வைக்க வேண்டும். வேண்டியது, எல்லாக் கேமராவும் பார்த்த ஒரே ஒரு கணம். மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் பல படங்களின் பின்னணியில் தெரிந்தது. ஆசையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலையிலும் நாலரை, ரிசப்ஷனிலும் நாலரை.

கடைசியில் கைகொடுத்தது ஃபிளாஷ். கேண்டிட் பையன் எடுத்த ஒரு படத்தில் மேடையின் ஒரு பகுதி மட்டும் பட்டையாக வெளுத்துக் கிடந்தது. கெட்டுப்போன படம் என்று அழிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். அந்த வெளிச்சம் எதிர்ப் பக்கம் நின்ற ஸ்டூடியோக்காரருடையது. ஃபிளாஷ் ஒளி இருப்பது ஒரு நொடியின் மிகச் சிறிய துணுக்கு. அது அடுத்தவர் படத்தில் விழுந்திருக்கிறது என்றால் இருவரும் ஒரே கணத்தில் அமுக்கியிருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் படங்களில் அதன் ஜோடியைத் தேடினேன். இரண்டிலும் அதே மூன்றாவது முடிச்சு, அந்தரத்தில் அதே அட்சதை, நாத்தனார் விரல் அதே மடக்கில். இவருடையது 8.07.25, அவனுடையது 8.12.02. வித்தியாசம் 4 நிமிடம் 37 நொடி. பையனின் ஒரு கேமரா முதல் நாள்தான் போனோடு இணைத்து நேரம் சரி செய்யப்பட்டது. நல்ல வேளை, ஃபிளாஷ் விழுந்தது அதில்தான். மற்றது 52 நொடி முந்தியிருந்தது. மிச்சக் கேமராக்களுக்கு அட்சதையே போதும். அரிசி காற்றில் நிற்பது எவ்வளவு நேரம்?

திருத்துவது பெரிய வித்தையில்லை. லைட்ரூமில் ஒரு கேமராவின் படங்களை மொத்தமாகத் தேர்ந்து, ஒரு படத்துக்குச் சரியான நேரத்தைக் கொடுத்தால் மற்றவை அதே அளவு நகர்ந்துவிடும். காசு கொடுக்க மனமில்லையென்றால் டிஜிகாம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கட்டளை தட்டிப் பழகியவர்களுக்கு ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல், அதுவும் இலவசம். கூகுள் போட்டோஸில்கூடப் பல படங்களைத் தேர்ந்து நேரத்தை மொத்தமாக நகர்த்தலாம். அசலுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள், தப்பாகக் கழித்தால் திரும்பி வர வழி வேண்டும்.

நான் தப்பாகக் கழித்தேன். சிங்கப்பூர்த் தம்பியின் படங்கள் முழுவதையும் இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளினேன். காலைப் படங்கள் கச்சிதமாகப் பொருந்தின. இரவு 7.30 மணி ரிசப்ஷன் மட்டும் சாயங்காலம் 5 மணிக்குப் போய், வாழைமரம் கட்டுகிறவர்களுக்கு நடுவே பொக்கேயோடு நின்றது. போன் போட்டுக் கேட்டேன். “ஆமாக்கா, மத்தியானம் யாரோ சொன்னாங்க, மணி தப்பா இருக்குன்னு. அப்பவே சரி பண்ணிட்டேனே!” நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் நாள் முழுக்க ஒரே அளவில் தப்பாக ஓடும் கடிகாரத்தை ஒரே கழித்தலில் திருத்திவிடலாம்; நடுவில் திருத்தப்பட்ட கடிகாரம் எந்த இடத்தில் திருந்தியது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

வாட்ஸ்ஆப்பில் வந்த படங்களைப் பற்றி ஒரே வரி: அனுப்பும்போதே சுருங்கி, எக்ஸிஃப் சீட்டும் கிழிந்து, வந்த நாளின் பெயரை ஒட்டிக்கொண்டு வருகின்றன, அவற்றை நேரப்படி அடுக்க வழியே இல்லை. அதிலேயே ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் அசல் அப்படியே வரும்.

எல்லாம் திருந்திய பிறகு எல்லாப் படங்களுக்கும் புதுப் பெயர் வைத்தேன். முதலில் வருஷம், மாதம், தேதி. பிறகு மணி, நிமிடம், நொடி. கடைசியில் கேமராவுக்கு ஓர் எழுத்து. ஒரு கேமராவின் பெயர் இன்னொன்றோடு மோத வழியில்லை, எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் வரிசை கலையாது. ஒரே மாடல் இரண்டில் எது எது என்று தெரியாமல் விழித்தபோது, சீட்டில் இருந்த கேமராவின் சீரியல் எண் காப்பாற்றியது.

இவ்வளவு பாடு எதற்கு, நல்ல படமாக நூறு பொறுக்கினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். நானும் பாதி வழியில் அப்படி நினைத்தவள்தான். 8.12.02-க்கு வந்தபோது எண்ணம் மாறியது. அந்த நொடிக்கு எங்களிடம் நான்கு படம். ஸ்டூடியோக்காரர் படத்தில் மணமக்கள் நேராக, வெளிச்சமாக, ஆல்பத்துக்கு என்றே. கேண்டிட் பையன் படத்தில் முடிச்சும் விரல்களும். சிங்கப்பூர்த் தம்பி படத்தில் தூணோரம் துண்டால் முகத்தைத் துடைக்கும் என் அண்ணன். கேட்டால் ஹோமப் புகை என்கிறான். நான்காவது, பெரியப்பாவின் பழைய கேமரா. கொஞ்சம் ஆடிப்போன, மங்கலான படம். 2012-ஆம் வருஷத்தில் கிடந்ததால் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று முன்வரிசையை எடுத்திருக்கிறார். முட்டி வலியால் ஒரு வருஷமாகப் பிடிமானம் இல்லாமல் எழாத என் அம்மா, நாற்காலியை விட்டுத் தானாக எழுந்து நின்று, அட்சதை போட்ட கை இன்னும் இறங்காமல் இருக்கிறாள். பிரிந்து கிடந்தபோது அது கெட்டுப்போன படம். மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வந்ததும் ஆல்பத்தில் முழுப் பக்கம் வாங்கிக்கொண்டது. கேசரி போய்விட்டது.

6,214-இல் 1,900 மிச்சம் வைத்தேன். ஒரே நொடிக்கு ஒரே கோணத்தில் எட்டுப் படம் இருந்தால் ஏழு போகத்தான் வேண்டும். இதில் தாட்சண்யம் கூடாது என்பது என் கட்சி. அண்ணி இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள். மிச்சத்தைக் காப்பதற்குப் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொன்ன 3-2-1 கணக்கு: மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பில், ஒன்று வெளியூரில். எங்கள் வெளியூர்ப் பிரதி சிங்கப்பூரில் இருக்கிறது.

நீங்கள் இவ்வளவும் செய்ய வேண்டியதில்லை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் கேமரா வைத்திருக்கிற ஒவ்வொருவரையும், நொடி ஓடும் ஒரே செல்போன் கடிகாரத்தை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைத் திருத்தச் சொல்லாதீர்கள், படம் மட்டும் போதும். அந்தப் படம் இருந்தால் எந்தக் கேமரா எவ்வளவு பொய் சொல்கிறது என்பது பின்னால் ஒரு கழித்தல் கணக்கு. ஆவணியில் அண்ணன் மகனுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பாவுக்கு இப்போதே சொல்லிவிட்டேன், பழைய கேமராவைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று.