தோற்ற நாளைக் கொண்டாடும் பார்சிலோனா: 1714 செப்டம்பர் 11-ல் என்ன நடந்தது?

பார்சிலோனா கால்பந்து அணியின் மேட்ச்களை விடாமல் பார்ப்பவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். கேம்ப் நோ மைதானத்தில் ஆட்டம் தொடங்கி 17 நிமிடம் 14 வினாடி ஆனதும், கேலரியில் இருந்து "சுதந்திரம்" என்று கேட்டலன் மொழியில் முழக்கம் எழும். கோல் விழுந்திருக்காது, ஃபவுலும் நடந்திருக்காது. 2012 முதல் பல ஆட்டங்களில் இது கேட்டிருக்கிறது.

அது என்ன 17:14 கணக்கு? அது நேரம் இல்லை, ஆண்டு. 1714-ம் ஆண்டு செப்டம்பர் 11-ம் தேதி, 13 மாதங்களுக்கும் மேலாக முற்றுகையில் கிடந்த பார்சிலோனா நகரம் வீழ்ந்தது. ஸ்பெயினின் வடகிழக்கில் இருக்கும் கேட்டலோனியாவுக்கு இன்று அந்தத் தேதிதான் தேசிய நாள். பொதுவாக ஜெயித்த நாளைத்தானே கொண்டாடுவார்கள்? இவர்கள் ஏன் தோற்ற நாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

சண்டை எதற்காக?

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸ் 1700 நவம்பரில் இறந்தார். அவருக்குக் குழந்தை இல்லை. பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயியின் பேரன் பிலிப்தான் அடுத்த ராஜா என்று உயில் எழுதி வைத்திருந்தார்.

ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பம் இதை ஏற்கவில்லை. கார்லோஸும் அதே வம்சம்தான். அதனால் தங்கள் வீட்டுப் பையன் சார்லஸுக்கே பட்டம் சேர வேண்டும் என்றார்கள். பிரான்ஸும் ஸ்பெயினும் ஒரே குடும்பத்தின் கைக்குப் போனால் நமக்கு ஆபத்து என்று இங்கிலாந்தும் நெதர்லாந்தும் சார்லஸ் பக்கம் சேர்ந்தன. இப்படி 1701-ல் தொடங்கியதுதான் ஸ்பானிய வாரிசுரிமைப் போர்.

கேட்டலோனியா ஏன் சார்லஸ் பக்கம் போனது?

அப்போது கேட்டலோனியாவுக்கு என்று தனிச் சட்டம், தனி மன்றம், தனி வரி முறை எல்லாம் இருந்தன. ராஜாவே வந்தாலும் முதலில் அந்தச் சட்டங்களை மதிப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். பிலிப்பும் பார்சிலோனாவுக்கு வந்து அப்படிச் சத்தியம் செய்தவர்தான்.

ஆனால் நம்பிக்கை நிலைக்கவில்லை. 1697-ல்தான் பிரெஞ்சுப் படை பார்சிலோனாவை முற்றுகையிட்டுப் பிடித்திருந்தது. இப்போது பிரெஞ்சு ராஜாவின் பேரனே ஆள வந்திருக்கிறார். அவருடைய பிரதிநிதியின் கெடுபிடியும் சேர்ந்துகொள்ள, ஊரில் கோபம் ஏறியது.

1705-ல் ஜெனோவா நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சார்லஸுக்காகக் கேட்டலன்கள் எழுந்து நிற்க வேண்டும், இங்கிலாந்து படையும் ஆயுதமும் தரும். போர் எப்படி முடிந்தாலும் கேட்டலோனியாவின் சட்டங்களைக் காப்போம் என்றும் இங்கிலாந்து வாக்குக் கொடுத்தது. அதே ஆண்டு பார்சிலோனா சார்லஸின் தலைநகரம் ஆனது. 1706-ல் பிலிப் நகரை மீட்க வந்து தோற்றுத் திரும்பினார்.

வாக்குக் கொடுத்தவர்கள் எங்கே போனார்கள்?

திருப்பம் 1711-ல் வந்தது. சார்லஸின் அண்ணன், ஆஸ்திரியாவின் பேரரசர் முதலாம் ஜோசப் திடீரென்று இறந்தார். சார்லஸே பேரரசர் ஆனார். அவருக்கு ஸ்பெயினையும் கொடுத்தால், எந்தப் பயத்துக்காகப் போரில் இறங்கினார்களோ அதே நிலைமைதான் வேறு குடும்பத்தின் பெயரில் வரும். கூட்டாளிகளுக்கு ஆர்வம் போய்விட்டது. பிரிட்டனில் வந்திருந்த புதிய அரசும் போரை முடிக்கவே விரும்பியது.

1713-ல் உட்ரெக்ட் உடன்படிக்கை கையெழுத்தானது. பிரிட்டன் பிலிப்பை ஸ்பெயின் மன்னராக ஏற்றது. பதிலுக்கு ஜிப்ரால்டரும் மெனோர்கா தீவும் கிடைத்தன. ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளுக்கு அடிமைகளை விற்கும் 30 ஆண்டு உரிமையும் கிடைத்தது.

கேட்டலன்களுக்கு என்ன கிடைத்தது? 13-வது பிரிவில் பொதுமன்னிப்பும், காஸ்டீல் மக்களுக்கு உள்ள அதே உரிமைகளும் உண்டு என்று எழுதினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் அர்த்தம், உங்கள் சொந்தச் சட்டங்கள் இனி இல்லை என்பதுதான். 1705-ல் கொடுத்த வாக்கு பேரத்தில் கரைந்துவிட்டது.

சரணடைந்திருக்கலாமே?

ஆஸ்திரியப் படையும் கப்பலேறிப் போய்விட்டது. பார்சிலோனா தனியாக நின்றது. 1713 ஜூலையில் மன்றம் கூடி விவாதித்து, போரிடுவது என்று முடிவெடுத்தது. அந்த மாத இறுதியிலேயே முற்றுகை தொடங்கியது.

கோட்டையைக் காத்தவர்களில் பெரும்பகுதி தொழில்முறை ராணுவம் இல்லை. 'கொரொனேலா' என்ற நகரக் காவல்படை. தையல்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், சட்ட மாணவர்கள் என்று தொழில்வாரியாகப் பிரிந்து மதில் ஏறினார்கள். தளபதி அன்டோனியோ டி வில்லாரோயல், முன்பு பிலிப்பின் படையிலேயே இருந்தவர். நகரத்தின் தலைவர் ரஃபேல் காசனோவா, தொழிலில் வக்கீல். (காதல் கதைகளில் வரும் காசனோவா வேறு ஆள்.) மயோர்கா தீவில் இருந்து தடையைத் தாண்டி வந்த கப்பல்கள்தான் சோறு போட்டன.

1714 ஜூலையில் பெர்விக் பிரபு பிரெஞ்சுப் படையோடு வந்து சேர்ந்ததும் நிலைமை மாறியது. சுற்றி நின்ற படை சுமார் 40,000 பேர். உள்ளே இருந்தவர்கள் அதில் கால்வாசிகூட இல்லை. அப்படியும் ஆகஸ்ட் மாதத் தாக்குதல்களை அடித்து விரட்டினார்கள்.

கடைசி நாள்

செப்டம்பர் தொடக்கத்தில் பெர்விக் கெடு விதித்தார். பேசிப் பார்க்கலாம் என்பது வில்லாரோயலின் கருத்து. நகரம் மறுத்ததும் அவர் பதவியை விட்டார். ஆனால் 11-ம் தேதி விடியும் முன் இறுதித் தாக்குதல் தொடங்கியபோது, அதே வில்லாரோயல் திரும்பி வந்து களத்தில் இறங்கினார், காயப்பட்டார். நகரின் காவல் தெய்வமான புனித யூலாலியாவின் கொடியோடு மதிலுக்குப் போன காசனோவா தொடையில் குண்டடி பட்டு விழுந்தார். தெருத்தெருவாக நடந்த சண்டை மதியத்துக்கு மேல்தான் ஓய்ந்தது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்ற உறுதியின் பேரில் நகரம் சரணடைந்தது.

அதன்பிறகு?

உறுதி எல்லோருக்கும் காப்பாற்றப்படவில்லை. வில்லாரோயல் 1725 வரை சிறையில் கிடந்தார். கேட்டலன் தளபதி ஜோசப் மொராகெஸுக்கு 1715-ல் மரண தண்டனை. அவருடைய தலையைக் கூண்டில் வைத்து நகர வாசலில் 12 ஆண்டுகள் தொங்கவிட்டார்கள். காசனோவா இறந்துவிட்டதாகப் பொய்ச் சான்றிதழ் வாங்கித் தப்பினார். பின்னர் மறுபடி வக்கீல் தொழில் செய்து 1743-ல் காலமானார்.

1716-ல் வந்த 'நுவேவா பிளான்டா' ஆணை கேட்டலோனியாவின் மன்றத்தையும் பழைய ஆட்சி அமைப்புகளையும் கலைத்தது. உயர் நீதிமன்றத்தின் மொழி ஸ்பானிஷ் ஆனது. ரிபேரா பகுதியில் சுமார் 1,000 வீடுகளை இடித்து, அங்கே ஒரு பெரிய கோட்டையைக் கட்டினார்கள். அது நகரத்தைக் காக்க அல்ல, நகரத்தைக் கண்காணிக்க.

இது சுதந்திரப் போரா?

இங்கேதான் இன்றைய சண்டை. தனிநாடு கேட்பவர்கள், சுயாட்சியை இழந்த நாள் இது என்கிறார்கள். எதிர்த்தரப்பு, இரண்டு ராஜாக்களுக்கு நடுவே நடந்த போரைத் தேசப் போராக மாற்றிச் சொல்வது சரியா என்று கேட்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. செப்டம்பர் 11 மதியம் நகரத் தலைவர்கள் விட்ட அறிவிப்பே, ஸ்பெயின் முழுவதின் விடுதலைக்காகவும் போராடுவதாகத்தான் சொன்னது. அதே சமயம், அன்று இழந்த சட்டமும் மன்றமும் நிஜமாகவே இழந்தவைதான்.

பிராங்கோ ஆட்சியில் இந்த நாளைக் கொண்டாடவே தடை இருந்தது. மீண்டும் உருவான கேட்டலோனிய நாடாளுமன்றம், 1980-ல் தன் முதல் சட்டத்திலேயே செப்டம்பர் 11-ஐத் தேசிய நாளாக அறிவித்தது.

அந்த நாடாளுமன்றம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஊரைக் கண்காணிக்கக் கட்டிய கோட்டை 19-ம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுப் பூங்கா ஆனது. கோட்டையின் ஆயுதக் கிடங்கை விட்டுவைத்தார்கள். கேட்டலோனியாவின் உறுப்பினர்கள் இன்று கூடுவது அந்தக் கிடங்கில்தான்.