டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ஆங்கிலம்

பழவங்காடி, கோட்டை, சாலை பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். பத்திர நகல், சர்க்கார் கடிதம், பென்ஷன் காகிதம் எல்லாம் அதில் கிடக்கும். கான்வென்ட்டில் படித்த பேரன் பேத்திகளுக்கும் அந்த ஆங்கிலம் புரிவதில்லை. புரிந்ததாக நினைத்துக் கொண்டால் இன்னும் ஆபத்து.

முதலில் தேதி. 'இன்ஸ்டன்ட்' என்றால் இந்த மாதம், 'அல்ட்டிமோ' போன மாதம், 'பிராக்சிமோ' வரும் மாதம். இவற்றை 'இன்ஸ்ட்', 'அல்ட்', 'பிராக்ஸ்' என்று சுருக்கியே எழுதுவார்கள். மார்ச் 3-ஆம் தேதியிட்ட கடிதத்தில் '28 அல்ட்' என்றிருந்தால் அது பிப்ரவரி 28. கடிதத்தின் தலைப்பில் உள்ள தேதி இல்லாமல் இதைக் கணக்கிட முடியாது. ஆகவே ஜெராக்ஸ் எடுக்கும்போது மேல்பகுதி வெட்டுப்படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது பத்திரம். இங்கேதான் வில்லங்கம். 'மொய்ட்டி' என்றால் சரிபாதி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தம்பி அதை 'ஏதோ ஒரு சிறு பங்கு' என்று எண்ணி, அண்ணனோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார். வக்கீல் அர்த்தம் சொன்ன பிறகே சமாதானம் ஆயிற்று. 'டிமைஸ்' என்பதை இன்று மரணம் என்று படிக்கிறோம். குத்தகைப் பத்திரத்தில் அது சொத்தைக் குத்தகைக்கு விடுதல். 'மெஸ்ஸுவேஜ்' என்பது வீடும் அதைச் சேர்ந்த மனையும். 'ரெலிக்ட்' என்றால் இறந்தவரின் மனைவி. 'இஷ்யூ இல்லாமல் இறந்தார்' என்றால் சந்ததி இல்லாமல் இறந்தார் என்று பொருள், பிரச்சினை இல்லாமல் போய்ச் சேர்ந்தார் என்றல்ல!

சரித்திரப் புத்தகத்திலும் இப்படி இடறும். நமக்கு வடக்கே அஞ்சுதெங்கில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஃபேக்டரி' இருந்தது. அங்கே இயந்திரம் எதுவும் ஓடவில்லை. 'ஃபேக்டர்' என்ற வியாபாரப் பிரதிநிதி இருந்து மிளகு கொள்முதல் செய்த பண்டகசாலை அது. ஃபேக்டருக்குக் கீழ்ப் பதவி 'ரைட்டர்', அதாவது குமாஸ்தா. திருவிதாங்கூர்க் கணக்கில் வரும் 'கேஷ்' நம் காசுதான். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். ரொக்கம் என்று பொருள்படும் 'கேஷ்' வேறு வழியாக ஐரோப்பாவில் பிறந்த சொல்.

ரயில்வேயிலும் இத்தகைய சொற்கள் உண்டு. தண்டவாளப் பாதைக்குப் 'பெர்மனென்ட் வே' என்று பெயர். கட்டுமானத்தின்போது மண் சுமக்கக் காண்டிராக்டர் போடும் தற்காலிகப் பாதையிலிருந்து பிரித்துக் காட்ட வந்த பெயர் அது. இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் 'ஃபிஷ் பிளேட்'டுக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. கப்பலின் பாய்மரத்துக்கு வலுவூட்டப் பக்கத்தில் வைத்துக் கட்டும் கட்டைக்கு 'ஃபிஷ்' என்று பெயர்.

இந்திய வாடையுள்ள ஆங்கிலச் சொற்களுக்கு 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் பாருங்கள். தொகுத்தவர்கள் ஹென்றி யூலும், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னலும். நம் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் அதில் வேஷம் மாறி உட்கார்ந்திருக்கும். பத்திரச் சொற்களுக்கு அது போதாது. சட்ட அகராதிதான் வேண்டும்.