20,000 வெள்ளி காரின் உண்மை விலை

ஜப்பானில் பழைய கார்கள் விற்கும் விலையைப் பார்த்து, “நாமே ஒன்றை சிங்கப்பூருக்கு வரவழைத்தால் என்ன?” என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஒருவரின் அப்பா முன்பணம் அனுப்பவும் தயார்.

வரவழைக்கலாம். பழைய கார் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். கணக்குதான் மலைக்க வைக்கிறது.

கப்பல் செலவையும் காப்புறுதியையும் சேர்த்தே காரின் சந்தை மதிப்பைச் சுங்கத்துறை முடிவு செய்யும். அது 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கலால் வரி 20 விழுக்காடு, அதாவது 4,000. அந்த 24,000க்கும் சேர்த்து 9 விழுக்காடு பொருள், சேவை வரி 2,160. (ஆம், வரிக்கும் வரி!) கூடுதல் பதிவுக் கட்டணம் இன்னொரு 20,000. மதிப்பு ஏற ஏற அந்தக் கட்டணத்தின் விகிதம் 320 விழுக்காடு வரை போகும். பழைய கார் என்பதற்காகத் தனியாக 10,000. ஆக, 56,160 வெள்ளி.

வாகன உரிமைச் சான்றிதழ் இதில் சேரவில்லை. அண்மை ஆண்டுகளில் சிறிய கார்களுக்கே அது 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியதுண்டு. செல்லுபடியாவதோ பத்தே ஆண்டுகள். பணம் கட்டி, கார் கப்பலேறும் நாளில், அடுத்த ஏலத்தில் சான்றிதழ் என்ன விலைக்குப் போகும் என்பது யாருக்கும் தெரியாது. விற்பனையாளர் அந்த நட்டத்தைப் பல கார்களில் ஈடுகட்டிக்கொள்வார். நண்பரின் அப்பா வாங்கப்போவது ஒரே கார்.