கான்கிரீட் வீட்டில் தும்பறைப் பாய்

கண்டி மலைச்சரிவில் 1951இல் எழுந்தது கருணாரத்ன வீடு. நிலத்தை வெட்டிச் சமமாக்காமல், சரிவு இறங்கும் போக்கிலேயே தட்டுத் தட்டாக இறங்கும் வீடு. தூணும் தளமும் கான்கிரீட். கதவுப் பலகைகளிலோ, கண்டிப் பக்கத்துக் கைவினைஞர்கள் தறியில் நெய்த தும்பறைப் பாய். சுவரில் ஜார்ஜ் கீற்றின் ஓவியம்.

இதை வடிவமைத்தவர் மினெட் டி சில்வா. 1918இல் கண்டியில் பிறந்தவர். தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி. தாய் ஆக்னஸ், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். மகளும் அதே துணிச்சலோடு வளர்ந்தார். பம்பாயில் கட்டடக்கலை படித்தபோது, காந்தியை விடுவிக்கக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டதால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். லண்டன் சென்று படிப்பை முடித்தார். 1948இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. நவீனக் கட்டடக்கலையின் பெரும்புள்ளி லெ கொர்புசியே அவருடைய நண்பர். இருவருக்கும் நெடுங்காலம் கடிதத் தொடர்பு இருந்தது.

ஐரோப்பாவில் கற்றதை அவர் அப்படியே கொண்டுவந்து இறக்கவில்லை. வெயிலும் மழையும் எப்படி, கைவினைஞரிடம் என்ன தொழில் இருக்கிறது, குடியிருப்பவர் எப்படி வாழ்கிறார் என்று பார்த்தே கோடு போட்டார். கண்டி வட்டப்புலுவையில் அரசு ஊழியர்களுக்கான குடியிருப்புத் திட்டம் 1958இல் நிறைவுற்றது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல சமூகத்தாரும் அதில் குடியேற இருந்தார்கள். வரைபடத்துக்கு முன்பே அந்தக் குடும்பங்களுக்கு வினாத்தாள் கொடுத்து, அவர்களின் தேவைகளைக் கேட்டறிந்தார் மினெட். வீட்டில் வாழப்போகிறவரிடம் கேட்டுவிட்டு வீடு வரைவது எவ்வளவு எளிய நியாயம்! இன்றைய வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் அந்த நியாயத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

1998இல் அவர் மறைந்தார். அவர் கட்டியவற்றில் பல இடிக்கப்பட்டுவிட்டன. இலங்கையின் நவீனக் கட்டடக்கலை என்றதும் நாம் ஜெஃப்ரி பாவாவின் பெயரைச் சொல்கிறோம். பாவா பெரிய கலைஞர்தான். ஆனால் அவர் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல். கருணாரத்ன வீடு அதற்கு ஆறு ஆண்டு மூத்தது. இந்த வரிசையை மாற்றிச் சொல்வது வரலாற்றுப் பிழை.

அடுத்த முறை கண்டிக்குப் போனால், தலதா மாளிகையை வணங்கிவிட்டு ஏரிக்கரையில் இருக்கும் கண்டிய கலைச் சங்கக் கட்டடத்தையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 1980களில் அதற்கு உருவம் கொடுத்தவரும் மினெட்தான்.