நான்கே பாடல்கள் தந்த மூவர்

இசை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் வென்றவர்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். எத்தனை இலட்சம் தட்டுகள் விற்றன, எத்தனை வாரம் முதலிடத்தில் நின்றது என்னும் கணக்குகளே அங்குப் பெருமையின் அளவுகோல். அவ்வளவுகோலால் அளந்தால் காணாமற்போகும் ஒரு குழுவைப் பற்றி இங்கு ஆராயப் புகுகின்றோம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1970களின் நடுவில் தோன்றி 1978இல் கலைந்துபோன ‘தி நெர்வ்ஸ்’ என்னும் மூவர் குழுவே அது. நரம்புகள் என்பது அப்பெயரின் பொருள். குழு உயிரோடிருந்த காலத்தில் அதன் பெயரால் வெளிவந்தது ஒரேயொரு சிறிய இசைத்தட்டு. அதிலிருந்த பாடல்கள் நான்கே. ஆயினும் அந்நான்கினுள் ஒன்று உலகின் பல நாடுகளில் இன்றளவும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. பாடுவது மட்டும் வேறொருவர் குரல்.

அக்குழுவின் இசை எவ்வகையினது என்பதை முதலில் தெளிந்து கொள்வோம். 1960களில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ், தி ஹூ, கிங்க்ஸ் முதலிய குழுக்கள், நெஞ்சில் நிற்கும் மெட்டும் உரத்த கிட்டார் ஒலியும் கலந்த குறும்பாடல்களை ஆக்கின. தம் இசையின் இத்தன்மையைக் குறிக்கத் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967இல் வழங்கிய தொடரே ‘பவர் பாப்’ என்பது. இனிமையும் வலிமையும் ஒருசேர அமைந்த இசை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1970களில் நிலைமை மாறிற்று. பாடல்கள் நீண்டன, கருவிகள் பெருகின, பெரிய விளையாட்டரங்குகளில் ஒளிவெள்ளத்துக்கு நடுவே நிகழும் காட்சியாக ராக் இசை ஆயிற்று. அதனை எதிர்த்து நியூயார்க்கிலும் இலண்டனிலும் எழுந்த கலகமே ‘பங்க்’ எனப்பட்டது. 1976இல் வெளிவந்த ரமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தொகுப்பில் பதினான்கு பாடல்கள். அவை அனைத்தும் அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகின்றன என்றால் அக்கலகத்தின் போக்கு விளங்கும்.

நெர்வ்ஸ் குழுவினர் இவ்விரண்டிற்கும் இடையே நின்றவர்கள். வேகத்திலும் சிக்கனத்திலும் அவர்கள் பங்க் இயக்கத்தினர்க்கு உறவினர். மெட்டமைப்பில் பீட்டில்ஸின் வழித்தோன்றல்கள். தோற்றத்திலோ இருவர்க்கும் அயலார். கிழிந்த சட்டையும் ஊக்குகளும் கலகத்தின் அடையாளமாகி வந்த நாளில், இம்மூவரும் அலுவலக எழுத்தரைப்போல் கோட்டும் சூட்டும் அணிந்து மேடை ஏறினர். கலகக்காரர்களுக்கு நடுவே ஒழுங்காக உடுத்துவதும் ஒரு கலகந்தானே!

ஜாக் லீ கிட்டார் இசைத்தார். பீட்டர் கேஸ் பாஸ் கிட்டார். பால் காலின்ஸ் முழவுகள். சான் பிரான்சிஸ்கோ நகரில் இணைந்த இவர்கள், பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்தனர். பீட்டர் கேஸ் அதற்குமுன் சான் பிரான்சிஸ்கோவின் தெருவோரங்களில் பாடிப் பிழைத்தவர். குழுக்கள் பலவற்றில் பாடல் புனைபவர் ஒருவராகவும், பிறர் இசைப்பவராகவும் இருப்பர். இங்கோ மூவருமே பாடலாசிரியர், மூவருமே பாடகர். குழுவின் வலிமை இதில்தான் இருந்தது. அது நெடுநாள் நிலையாமைக்கும் இதுவே காரணமாயிற்று என்பது எமது எண்ணம். தனித்தனியே ஒரு குழுவை நடத்தும் ஆற்றலுடைய மூவர் ஒரே வண்டியில் நெடுந்தொலைவு செல்வது எளிதன்று.

பெரிய இசைத்தட்டு நிறுவனம் எதுவும் அவர்களைத் தேடி வரவில்லை. எனவே 1976இல் தாமே ஒரு சிறு தட்டை வெளியிட்டனர். ஜாக் லீயின் பாடல்கள் இரண்டு, மற்ற இருவருடையவை ஒவ்வொன்று என நான்கு பாடல்கள் அதில் இடம்பெற்றன. தட்டைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க, கிரெக் ஷா என்னும் இசை ஆர்வலர் நடத்திய ‘பாம்ப்’ என்னும் சிறு நிறுவனம் துணைநின்றது. தாமே பதிவு செய்து, தாமே வெளியிட்டு, தாமே விற்பது பிற்காலத்தில் இளைஞர் குழுக்களுக்கு இயல்பான வழியாயிற்று. 1976இல் அது துணிச்சல்.

அரங்குகளும் அவ்வாறே. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகழ்பெற்ற மன்றங்கள் பெயரறியாக் குழுக்களுக்கு இடந்தரத் தயங்கின. நெர்வ்ஸ் குழுவினர் தாமே வாடகைக்கு இடம்பிடித்து நிகழ்ச்சிகள் நடத்தினர். தமக்கு மட்டுமன்றி, வீர்டோஸ், டில்ஸ், ஜீரோஸ் முதலிய புதிய பங்க் குழுக்களுக்கும் மேடை அமைத்தனர். 1977இல் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் காரில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, இடைத்தரகர் எவருமின்றித் தாமே ஊர்தோறும் நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்து, அமெரிக்காவின் குறுக்கே பயணம் புறப்பட்டனர். வழியில் ரமோன்ஸ் குழுவினருடனும் சில மேடைகளைப் பகிர்ந்தனர். பயணத்தால் பொருள் சேரவில்லை; புகழும் சேரவில்லை. 1978இல் குழு கலைந்தது.

கதை உண்மையில் இங்குதான் தொடங்குகின்றது.

அச்சிறு தட்டின் முதற்பாடல், ஜாக் லீ இயற்றிய ‘ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்’. இரண்டு நிமிடங்களைச் சற்றே கடக்கும் பாடல். பொதுத் தொலைபேசிக் கூண்டில் நிற்கும் ஒருவர், மறுமுனைக் குரலுக்காகத் தவித்துக் காத்திருக்கும் காட்சியே அதன் பொருள். முன்கதை கூறப்படுவதில்லை, முடிவும் கூறப்படுவதில்லை. அகப்பாடல்களைப் பயின்ற நம் மாணவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று: ஒரு மாந்தர், ஒரு கணம், ஒரு கூற்று, அவ்வளவே. மெட்டும் அத்தவிப்புக்கு ஏற்ப மூச்சுவிட இடந்தராது விரைகின்றது.

அத்தட்டு எப்படியோ நியூயார்க்கின் ‘பிளாண்டி’ குழுவினர் செவிக்கு எட்டிற்று. லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்த ஜெஃப்ரி லீ பியர்ஸ் என்னும் இளைஞரே (பின்னாளில் ‘கன் கிளப்’ என்னும் குழுவை அமைத்தவர் இவர்) அப்பாடலை அவர்களுக்கு அறிமுகம் செய்தவர். பிளாண்டி குழுவின் பாடகி டெபி ஹாரி, பாடலைத் தாம் பதிவுசெய்ய விரும்புவதாக ஜாக் லீயைத் தொலைபேசியில் அழைத்தார். அந்நாளைப் பற்றி லீ பின்னர் நினைவுகூர்ந்தது நெஞ்சைத் தொடுகின்றது. அது ஒரு வெள்ளிக்கிழமையாம். கட்டணம் செலுத்தாமையால் அன்று மாலை அவர் வீட்டு மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்படவிருந்தனவாம். தொலைபேசியைப் பாடியவருக்கு, அது துண்டிக்கப்படுவதற்குச் சில மணி நேரத்திற்கு முன்னர் அதன் வழியாகவே நற்செய்தி வந்தது. புனைகதையில் எழுதினால் நம்பமாட்டோம்.

பிளாண்டியின் ‘பேரலல் லைன்ஸ்’ என்னும் தொகுப்பு 1978 செப்டம்பரில் வெளிவந்தது. அதன் முதற்பாடலே இதுதான். தயாரிப்பாளர் மைக் சாப்மன் பாடலின் தொடக்கத்தில் தொலைபேசி மணியொலியைச் சேர்த்தார். தனிப்பாடலாக வெளியானபோது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை அது உயர்ந்தது. லீயின் மற்றொரு பாடலும் அதே தொகுப்பில் இடம்பெற்றது.

மெட்டு மாறவில்லை, சொற்களும் பெரிதும் மாறவில்லை. மாறியது கூறுவோர் மட்டுமே. ஜாக் லீயின் குரலில் அது தலைவன் கூற்று. அதில் கெஞ்சலும் சற்றே மிரட்டலும் கலந்து ஒலிக்கின்றன. டெபி ஹாரியின் குரலில் அதுவே தலைவி கூற்றாகின்றது. தொலைபேசிக்கருகே அமர்ந்து அழைப்புக்காகக் காத்திருப்பவளாகவே பெண்ணைப் பாடி வந்த மேலை மெல்லிசையில், அழைப்பவளாகவும் அதட்டுபவளாகவும் ஒரு பெண் தோன்றுகின்றாள். ஆசிரியர் எண்ணியிராத பொருள் ஒன்று பாடலுக்குக் கிட்டிவிட்டது. பிளாண்டியின் வடிவம் பெற்ற வெற்றிக்கு விளம்பர வலிமையை மட்டும் காரணமாக்குவது நேர்மையன்று என்றே கருதுகின்றோம்.

அப்படியாயின் ஆக்கியோன் பெற்றதென்ன? இங்கு ஒரு சட்ட நுணுக்கத்தை அறிதல் வேண்டும். மேலைநாட்டுச் சட்டத்தில் பாடல் வேறு, பதிவு வேறு. பாடலை இயற்றியவர் ஓர் உரிமையாளர். அதனைப் பாடிப் பதிவு செய்தவர் மற்றோர் உரிமையாளர். ஒருமுறை தட்டாக வெளிவந்துவிட்ட பாடலை, சட்டம் வரையறுத்த தொகையைக் கொடுத்து எவரும் மீண்டும் பதிவு செய்யலாம் என்கிறது அமெரிக்கச் சட்டம். நெடுங்காலம் ஒரு படிக்கு 2 சென்டாக இருந்த அத்தொகை, 1978 முதல் 2.75 சென்டாக உயர்ந்தது. பிற நாடுகளில் விகிதம் வேறு. தனித்தனியே நோக்கின் அது சில்லறைக் காசு; படிகள் பெருகினால் ஒரு வாழ்வை நடத்தப் போதுமான தொகை. பதிவின் புகழும் முகமும் பிளாண்டிக்கு உரியனவாயின. பாடலின் ஊதியம் லீக்கு உரியதாயிற்று. பாடகர் பெயரை அறிந்த அளவிற்கு இயற்றியவர் பெயரை உலகம் அறியவில்லை. ஆனால் சட்டம் அறிந்திருந்தது.

1983இல் லீயின் ‘கம் பேக் அண்ட் ஸ்டே’ என்னும் பாடலை ஆங்கிலப் பாடகர் பால் யங் பாடி, பிரிட்டனில் நான்காம் இடம் வரை கொண்டுசென்றார். அதற்கு ஈராண்டு முன்பு லீ தாமே பாடி வெளியிட்ட தொகுப்பொன்றுக்கு ‘ஜாக் லீயின் மாபெரும் வெற்றிகள் – தொகுதி 1’ என்று பெயர். தம் குரலில் எவ்வெற்றியும் காணாதவர் சூட்டிய பெயர் இது! கசப்பா நகைச்சுவையா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகின்றோம்.

மற்ற இருவரும் சோர்ந்துவிடவில்லை. காலின்ஸ் அமைத்த ‘தி பீட்’ குழுவின் முதல் தொகுப்பு 1979இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் அதே பெயரில் வேறொரு குழு புகழ்பெறவே, அவர் தம் பெயரையும் முன்னே சேர்த்து ‘பால் காலின்ஸ் பீட்’ என வழங்க நேர்ந்தது. கேஸ் அமைத்த ‘பிளிம்சோல்ஸ்’ குழுவின் ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’ என்னும் பாடல் 1983இல் ‘வேலி கேர்ள்’ என்னும் திரைப்படத்தில் இடம்பெற்றது. பின்னர் அவர் தனியே கிட்டாருடன் பாடும் நாட்டார் மரபுக்குத் திரும்பினார்.

நெர்வ்ஸ் குழுவின் நான்கு பாடல்களும், வெளிவராது கிடந்த பிற பதிவுகளும் ‘ஒன் வே டிக்கெட்’ என்னும் தொகுப்பாக 2008இல்தான் வெளிவந்தன. குழு கலைந்து முப்பது ஆண்டுகள் கழித்து, அது பிறந்திராத காலத்து இளைஞர் அதனை வாங்கிக் கேட்டனர். ஜாக் லீ 2023இல் மறைந்தார். அவரைப் பற்றிய இரங்கற் செய்திகளில் பிளாண்டி பாடிய அத்தொலைபேசிப் பாடலின் பெயர் முன்னே நின்றது. அதனை இயற்றியவர் என்னும் குறிப்போடு அவர் பெயரும் உடன் நின்றது.