தொடக்க நிரலாளருக்கான நிரல் திருத்திகள்

நிரல் திருத்தி என்பது கணினி நிரல்களை எழுதவும் திருத்தவும் பயன்படும் மென்பொருள் ஆகும். தொழில்முறை நிரலாளருக்கான திருத்திகளில் ஏராளமான கட்டளைகளும் பலகங்களும் காணப்படும். நிரலாக்கத்தை முதன்முறையாகக் கற்பவரால் இவற்றுள் தமக்குத் தேவையானது எது எனப் பிரித்தறிய இயலாது. ஆகவே கற்போரைக் கருத்திற்கொண்டு தனியான திருத்திகள் உருவாக்கப்பட்டு வருகின்றன. புளூஜே, டாக்டர் ராக்கெட், தொன்னி ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

தேவை

நிரலில் பிழை இருந்தால் கணினி பிழைச்செய்தி ஒன்றைத் தரும். ஆனால் அச்செய்தி பிழை நேர்ந்த இடத்தைக் காட்டாமல், பிழை புலப்பட்ட இடத்தைக் காட்டுவது உண்டு. எடுத்துக்காட்டாக, பைத்தான் மொழியில் எழுதிய நிரலின் ஐந்தாம் வரியில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டதாகக் கொள்வோம். பைத்தானின் பழைய பதிப்புகள் பெரும்பாலும் ஆறாம் வரியைச் சுட்டி, தொடரியல் செல்லாது என்று மட்டும் கூறும். ஆறாம் வரியிலோ பிழை ஏதும் இல்லை.

பழகிய நிரலாளர் உடனே முந்தைய வரியைப் பார்ப்பார். கற்பவர் சரியாக உள்ள வரியையே மாற்றி மாற்றி எழுதிப் புதிய பிழைகளைச் சேர்ப்பார். நிரலாக்கம் தமக்கு வராது என்ற முடிவுக்கும் அவர் வரக்கூடும். 2021இல் வெளியான பைத்தான் 3.10 பதிப்பு, அடைப்புக்குறி மூடப்படவில்லை என்பதையும் அது திறக்கப்பட்ட இடத்தையும் நேரடியாகக் கூறுகிறது. கற்பவர் செய்யும் பிழை அன்றும் இன்றும் ஒன்றே; கருவி அதனைச் சொல்லும் முறையே மாறியுள்ளது.

வரலாறு

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டிம் டைட்டல்பாம், தாமசு ரெப்சு ஆகியோர் உருவாக்கிய கோர்னெல் புரோகிராம் சிந்தசைசர் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. இது குறித்த அவர்களது கட்டுரை 1981இல் வெளியானது. இத்திருத்தியில் மாணவர் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிடாமல், ஆயத்தமான வார்ப்புருக்களை இட்டு அவற்றின் வெற்றிடங்களை நிரப்பினர். இதனால் கட்டளை அமைப்பில் பிழை நேர வாய்ப்பில்லாது போயிற்று. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகம் 2007இல் வெளியிட்ட இசுகிராச்சில், நிரற்துண்டுகளைக் கட்டைகள் போல ஒன்றோடொன்று பொருத்தும் முறையும் இதே எண்ணத்தைச் சார்ந்தது எனலாம்.

புளூஜே, மைக்கேல் கோல்லிங் முதலானோரால் ஆசுத்திரேலியாவின் மொனாசு பல்கலைக்கழகத்தில் ஜாவா மொழியைக் கற்பிப்பதற்காக உருவாக்கப்பட்டது. இது வகுப்புகளைப் பெட்டிகளாக வரைந்து காட்டுகிறது. முழு நிரலை எழுதும் முன்னரே, மாணவர் ஒரு பொருளை உருவாக்கி அதன் செயலை இயக்கிப் பார்க்கலாம்.

மொழிப் படிநிலைகள்

டாக்டர் ராக்கெட், 2010 வரை டாக்டர் ஸ்கீம் என்று அழைக்கப்பட்டது. மத்தியாசு ஃபெலைசன் தலைமையிலான குழு 1990களில் இதனைத் தொடங்கியது. மொழியையே படிகளாகப் பிரித்தது இதன் சிறப்பு ஆகும். முதற்படியில் மொழியின் ஒரு சிறு பகுதி மட்டுமே கிடைக்கும்.

ஸ்கீம் மொழியில் ஒரு செயற்கூறினுள் பல கோவைகளை எழுதலாம். இறுதிக் கோவையின் மதிப்பே விடையாகும். அடைப்புக்குறியைத் தவறான இடத்தில் மூடும் மாணவர், தாம் அறியாமலே ஒரு கோவையை இரண்டாக உடைத்துவிடக்கூடும். முழு மொழி இதனைப் பிழையென்று கருதாது. தவறான விடை வரலாம், ஏன் என்பது விளங்காது. முதற்படியிலோ ஒரு கோவைக்கு மேல் எழுத அனுமதி இல்லை. ஆகவே கணினி உடனே தடுத்து, மிகையான பகுதியைச் சுட்டிக்காட்டும். வசதி ஒன்றை நீக்குவதே இங்கு உதவியாக அமைகிறது.

இயக்கத்தைக் காட்டல்

எசுத்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் ஐவார் அன்னமா உருவாக்கிய தொன்னி, பைத்தான் மொழிக்கான கட்டற்ற மென்பொருள் ஆகும். பைத்தான் இதனுடனேயே நிறுவப்படுவதால், கற்பவர் தனியாக எதனையும் அமைக்க வேண்டியதில்லை. நிரலைப் படிப்படியாக இயக்கும்போது, ஒரு கோவையின் ஒவ்வொரு பகுதியும் தன் மதிப்பாக மாறுவதைக் காணலாம். மாறிகளின் மதிப்புகள் அருகில் காட்டப்படும். மூடப்படாத அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் எழுதும்போதே நிறத்தால் வேறுபடுத்தப்படும்.

பிழைச்செய்திகளின் மொழி

எளிமையாக எழுதப்பட்ட செய்தியும் எளிதில் விளங்கும் என்று சொல்வதற்கில்லை. கியோம் மார்சோ, கேத்தி ஃபிசிலர், சிரீராம் கிருட்டிணமூர்த்தி ஆகியோர் டாக்டர் ராக்கெட்டைப் பயன்படுத்திய மாணவரை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். செய்திகளில் வந்த கலைச்சொற்களைப் பல மாணவர் சரியாக அறிந்திருக்கவில்லை. நிறமிட்டுக் காட்டிய பகுதியைத் திருத்த வேண்டிய பகுதி என்றே சிலர் எண்ணினர்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவருக்கு இச்சுமை இரட்டிப்பாகிறது. தமிழில் கட்டளைச் சொற்களைக் கொண்டு முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி, இத்தடையைக் குறைக்க முயலும் ஒன்று ஆகும்.

வரையறைகள்

கற்பவர் ஒரு கட்டத்தில் தொழில்முறைக் கருவிகளுக்கு மாறியே ஆக வேண்டும். மிகையான பாதுகாப்பில் பழகியவருக்கு அம்மாற்றம் கடினமாகலாம் என்பது இத்திருத்திகள் மீதான முக்கியத் திறனாய்வு ஆகும். மறுபுறம், கிட்கப் கோபைலட் போன்று நிரலைத் தானே எழுதித் தரும் கருவிகள் 2021 முதல் திருத்திகளுடன் இணைந்துள்ளன. இவை பிழையை விரைவில் நீக்கலாம். ஆனால் பிழை ஏன் நேர்ந்தது என்று கற்பவர் சிந்திக்கும் வாய்ப்பையும் உடன் நீக்கிவிடக்கூடும். கற்போருக்கான திருத்தி, பிழையைத் தான் திருத்தாமல், கற்பவரே அதனைக் கண்டு திருத்தத் துணைநிற்பது ஆகும்.